உளியைப் பிடிப்பது யார்? ரூல் போஸ்ற் பற்றிச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டில் ஒரு இரும்புக் கட்டி உண்டு. அரைச் செங்கல் அளவு. நான்கு பக்கமும் ஆழமான வெட்டு, மேலே எட்டு ஆணிகள், நடுவில் ஒரு துளை. அம்மா அதை அரிசிப் பெட்டி மூடிக்குப் பாரமாகப் பாவித்தா. சோளகக் காற்றுக் காலத்தில் கதவுக்கு முட்டாகவும் வைப்பா. அது ஒரு லேத் மிசினின் ரூல் போஸ்ற். லேத் இல்லை.

அப்பாவின் பட்டறை சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு கொட்டில். 1990 இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகங்களும் வருவதில்லை. அப்பா ஒரு பழைய எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, பெல்ற் பூட்டி லேத்தைச் சுற்றவைத்தார். தோட்டக்காரரின் நீர் இறைக்கும் இயந்திரங்களுக்குத் தேய்ந்த தண்டுகளும் புஷ்களும் அங்கேதான் புதிதாகக் கடையப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா சைக்கிளில் அரிசியும் உடுப்பும் கட்டிவிட்டு, கடைசியாகப் பட்டறைக்குள் போய் ரூல் போஸ்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். அம்மா ஏசினா. “இது இல்லாமல் லேத்தை வைச்சு என்ன செய்வாங்கள்?” என்றார் அப்பா. அடுத்த வருடம் நாங்கள் திரும்பிப் போனபோது லேத் இருந்த இடத்தில் சீமெந்துத் தரையில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன.

இதை எழுதுகிறவன் பொறியியலாளன் அல்ல. பொறியியல் படிக்கத் தொடங்கி, இரண்டாம் வருடத்தோடு நின்றுபோய், இப்போது லண்டனில் ஒரு றெஸ்ரோறன்ற் சமையலறையில் நிற்பவன். சென்ற வருடம் அயல்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் பின்வளவுக் கொட்டிலில் இருக்கும் சின்ன லேத்துக்கு ரூல் போஸ்ற் வாங்குவதா, செய்வதா என்று என்னிடம் கேட்டார். நான் சமையல்காரன் என்று தெரிந்தும் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. அப்பாவைப் பற்றி எப்போதோ சொல்லியிருக்கவேண்டும். பதில் சொல்வதற்காக வாசிக்கத் தொடங்கியதுதான் இங்கே கட்டுரையாக வருகிறது.

முதலில், அந்தப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். லேத்தில் சுற்றுவது இரும்பு. உளி சுற்றாது, நிற்கும். அந்த உளியை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கட்டிதான் ரூல் போஸ்ற். அது ஒரு சறுக்குத் தாங்கியின் மேல் பூட்டப்பட்டிருக்கும். கைபிடியைத் திருப்பினால் திருகாணி சுழன்று தாங்கியை நேர்கோட்டில் நகர்த்தும், உளியும் சேர்ந்து போகும். மனிதன் உளியைத் தொடுவதில்லை. இந்தத் ‘தொடுவதில்லை’ என்ற இடத்துக்கு வந்துசேர மனிதருக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் எடுத்தது.

எங்கள் மொழியில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ஒரே சொல். மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதுபோலத்தான் ஆதிகாலக் கடைசலும் நடந்தது. எகிப்தில் பெற்றோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 அளவில் செதுக்கிய ஒரு காட்சி இருக்கிறது. ஒருவன் கயிற்றை இழுக்கிறான், மற்றவன் உளியைப் பிடிக்கிறான். இந்தியக் கடைசல்காரர் நிலத்தில் குந்தியிருந்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் உளியைப் பிடித்து, கால்விரல்களால் அதை அழுத்தி நிறுத்துவார்கள். உலகின் முதலாவது ரூல் போஸ்ற் கால் பெருவிரல்தான் என்று நான் சொன்னால் கிழவர் சிரிக்கிறார். ஆனால் மறுக்கவில்லை.

மரத்துக்கு இது போதும். இரும்புக்குப் போதாது. இரும்பைக் கையால் கடைந்தவர்கள் நீண்ட கைபிடி போட்ட உளியைத் தோளில் சாத்தி, அதன் குதியைத் தாங்கியில் ஊன்றி, உடம்பு முழுவதையும் கொடுத்துக் கடைந்தார்கள். கெட்டிக்காரன் ஒருவன் ஒரு அங்குலம் நீளத்துக்கு ஒழுங்காகக் கடைவான். மூன்று அடி நீளத்துக்கு ஒரே பருமனில் கடைய எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது. மூச்சு விடும்போது தோள் அசையும், உளியும் அசையும்.

ஆகவே உளியை இரும்பே பிடிக்கவேண்டும் என்ற எண்ணம் பலருக்குப் பல இடங்களில் வந்தது. 1480 அளவில் ஜேர்மனியில் வரைந்த ஒரு கைப்பிரதியில், திருகாணியால் நகரும் உளிதாங்கியுடன் ஒரு சிறிய கடைசல் பொறி இருக்கிறது. 1701 இல் லியோனில் ‘கடைசல் கலை’ பற்றி ஒரு பெரும் நூல் வெளிவந்தது. எழுதியவர் சார்ல்ஸ் புளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. இரும்பைக் கடையத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே என்று அவர் குறைப்பட்டிருக்கிறார். இவர் தாவரவியலாளரும்கூட. அமெரிக்காக் கண்டத்து மரம் ஒன்றுக்கு இவரின் பெயரைத்தான் விஞ்ஞானிகள் வைத்தார்கள். நாங்கள் அந்த மரத்துக்கு ஈழத்தலரி என்று பெயர் வைத்திருக்கிறோம். கடல் கடந்து வந்த மரம் என்பதை எப்படியோ மறந்துவிட்டோம்.

ரஷ்யாவில் மகா பீற்றரின் கடைசல்காரராக இருந்த அந்திரேய் நார்த்தோவ், 1710களிலிருந்து இயந்திரமே உளியைப் பிடித்து நகர்த்தும் லேத்துகளைச் செய்தார். அரசனுக்குக் கடைசல் பொழுதுபோக்கு. வேலைக்காரனுக்கு அது வேலை. பிரான்சில் ஜாக் டு வோக்கன்சோன் 1750களை அண்டி, முழுவதும் இரும்பாலான, உறுதியான சறுக்குத் தாங்கி கொண்ட ஒரு லேத்தைச் செய்தார். பட்டுத் துணியை அழுத்தும் உருளைகளைக் கடைவதற்காக அது செய்யப்பட்டது. 1741 இல் அவர் பட்டு உற்பத்திக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவர். அவர் கொண்டுவந்த ஒழுங்குகளை எதிர்த்து 1744 இல் லியோன் நெசவாளர் கலகம் செய்தார்கள். அவர் அந்த நகரத்தை விட்டு ஓடவேண்டி வந்தது. 1795 இல் செனோ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் திருகாணி வெட்டும் லேத் ஒன்றைச் செய்தார். நார்த்தோவினுடைய ஒன்றும், வோக்கன்சோனுடையதும், செனோவுடையதும் பாரிஸ் கலை, கைத்தொழில் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை. லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற எங்கள் ஆட்களுக்கு அது அதிக தூரமில்லை. அமெரிக்காவில் டேவிட் வில்கின்சன் என்பவர் 1798 இல் இதேபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். ஐம்பது வருடம் கழித்து, 1848 இல், அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்குப் பத்தாயிரம் டொலர் கொடுத்தது.

இவ்வளவு பேர் இருக்க, நாங்கள் படித்தது ஒரேயொரு பெயரைத்தான்: ஹென்றி மோட்ஸ்லி. பரீட்சையில் அப்படி எழுதினால்தான் புள்ளி. சோவியத் காலத்து நூல்களை வாசித்தவர்கள் நார்த்தோவ் என்று எழுதியிருப்பார்கள், புள்ளி கிடைத்திருக்காது.

மோட்ஸ்லியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 1771 இல் வூலிச்சில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அங்குள்ள ஆயுதசாலையில் வெடிமருந்து நிரப்பும் வேலைக்குப் போனவர். பதினெட்டு வயதளவில் பூட்டுச் செய்வதில் பேர்போன ஜோசப் பிராமாவிடம் சேர்ந்து, அவருடைய பட்டறைத் தலைவராகவும் ஆனார். கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு, கிழமைக்கு முப்பது ஷில்லிங் போதவில்லை, கூட்டித் தாருங்கள் என்று கேட்டார். பிராமா மறுத்தார். 1797 இல் மோட்ஸ்லி விலகி, ஒக்ஸ்போர்ட் வீதிக்கு அருகே வெல்ஸ் வீதியில் சொந்தப் பட்டறை போட்டார். இன்று அந்தப் பக்கம் முழுவதும் சாப்பாட்டுக் கடைகள். சம்பளம் கூட்டிக் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் அங்கே இப்போதும் நிறைய இருப்பார்கள். பட்டறை போடுகிறவர்கள்தான் இல்லை.

1800 அளவில் அவர் செய்த திருகாணி வெட்டும் லேத் லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. தனித்தனியாக இருந்தவற்றை அவர் ஒரே இயந்திரத்தில் ஒழுங்காகச் சேர்த்தார் என்பதுதான் அவருடைய பெருமை: இரும்புப் படுக்கை, வழிநடத்தும் திருகாணி, மாற்றக்கூடிய பற்சக்கரங்கள், உளியைப் பிடிக்கும் சறுக்குத் தாங்கி. அவர் செய்த ஒரு திருகாணி ஐந்து அடி நீளம். அங்குலத்துக்கு ஐம்பது புரி. அதற்கான நட்டு பன்னிரண்டு அங்குலம், உள்ளே அறுநூறு புரிகள். தோளில் உளி சாத்திக் கடைந்த எவனாலும் கனவிலும் செய்யமுடியாத வேலை இது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடற்படைக் கப்பல்களின் பாய்க் கயிறுகளுக்குக் கப்பிகள் வேண்டும், வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். இவற்றை இயந்திரத்தால் செய்யலாம் என்று திட்டம் கொண்டுவந்தவர் மார்க் புரூனல். அவர் ஒரு அகதி. பிரெஞ்சுப் புரட்சியின்போது அரச பக்கம் நின்றதால் 1793 இல் தப்பி அமெரிக்காவுக்குப் போய், 1799 இல் இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய இயந்திரங்களை மோட்ஸ்லி செய்து கொடுத்தார். போட்ஸ்மவுத் கப்பல்துறையில் நாற்பத்தைந்து இயந்திரங்கள் நிறுவப்பட்டன. 1808 இல் அவை ஒரு வருடத்தில் 1,30,000 கப்பிகள் செய்தன. முன்பு 110 கைதேர்ந்த தொழிலாளர் செய்த வேலையை இப்போது பழக்கமில்லாத பத்துப் பேர் செய்தார்கள் என்று எல்லா நூலிலும் பெருமையாக எழுதியிருக்கிறது. மிச்சம் நூறு பேர் எங்கே போனார்கள் என்று நான் வாசித்த நூல்களில் இல்லை.

மோட்ஸ்லியின் பெயர் எப்படி நிலைத்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அவருடைய கடைசிக் காலத்தில், 1829 இல், உதவியாளனாகச் சேர்ந்த இளைஞர் ஜேம்ஸ் நாஸ்மித். மோட்ஸ்லி 1831 இல் இறந்தார். பத்து வருடம் கழித்து நாஸ்மித் இந்தச் சறுக்குத் தாங்கியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதன் புகழ் முழுவதையும் தன் குருவுக்குக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத்தான் திருப்பி எழுதினார்கள். இதே நாஸ்மித் பிறகு பெரிய தொழிற்சாலை முதலாளி. 1852 இல் முதலாளிமார் பொறித்தொழிலாளரை வெளியே விட்டுக் கதவைப் பூட்டிய பிணக்கில், பழக்கமில்லாதவர்களை இயந்திரங்களில் நிறுத்துவதும் ஒரு பிரச்சினையாக இருந்தது. தானாக இயங்கும் இயந்திரங்களால் வளர்ந்த ஆண் தொழிலாளரின் தொகையை 1,500 இலிருந்து 750 ஆகக் குறைத்ததாகவும், அதனால் இலாபம் கூடியதாகவும் தொழிற்சங்கங்கள் பற்றிய அரச விசாரணைக்கு நாஸ்மித் தானே சாட்சியம் சொன்னார். வரலாற்றை எழுதியவரும் ஆட்குறைப்புச் செய்தவரும் ஒரே ஆள். கண்டுபிடிப்பு ஒரு மேதையிடமிருந்து வந்தது என்று எழுதும்போது, உளியைத் தோளில் சாத்தியவர்கள் கதையிலிருந்து கழன்றுபோகிறார்கள்.

மார்க்ஸ் இதைக் கவனித்திருந்தார். ‘மூலதனம்’ முதல் பாகத்தில், இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தில், மோட்ஸ்லியின் சறுக்குத் தாங்கியைப் பற்றிச் சொல்கிறார்: இது குறிப்பிட்ட ஒரு கருவிக்குப் பதிலாக வந்ததல்ல, மனிதக் கைக்கே பதிலாக வந்தது என்று. ஊரில் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்த அண்ணன்மார் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது அப்பாவின் பட்டறைக்குள் வந்து அந்தக் ‘கை’யைப் பார்த்ததாக ஞாபகமில்லை.

ஆனால் இதில் எனக்கு ஒரு தடுமாற்றம் உண்டு, மறைக்கவில்லை. நான் வேலை செய்யும் இடத்தில் சென்ற வருடம் மரக்கறி வெட்டும் இயந்திரம் ஒன்று வந்தது. ஒரு மாதத்தில் ஒருவருடைய மணித்தியாலங்கள் பாதியாகின. அப்போது நான் போட்ஸ்மவுத்தின் நூறு பேரை நினைத்தேன். அதே நேரம், எவரிடமும் முறையாகப் படிக்காத அப்பா, தடைக்காலத்தில், நூறில் ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் பம்ப் தண்டு கடைந்தது அந்த இரும்புக் கை இருந்தபடியால்தான். தோளில் உளி சாத்தவேண்டியிருந்தால் அவரால் முடிந்திருக்காது, தோட்டங்கள் காய்ந்திருக்கும். இரண்டும் உண்மை.

இனி ரூல் போஸ்றின் வகைகளுக்கு வருகிறேன். அமெரிக்க லேத்துகளில் நெடுங்காலம் இருந்தது லாந்தர் வகை. ஒற்றைக் கம்பம், நடுவில் நீள வெட்டு, வெட்டினூடாக உளி, கீழே படகு வடிவில் ஒரு துண்டு, மேலிருந்து இறுக்க ஒரேயொரு ஆணி. படகை ஆட்டினால் உளியின் நுனி ஏறும், இறங்கும். வசதிதான். ஆனால் நுனியோடு உளியின் சாய்வும் மாறிவிடும். கனமாக வெட்டினால் கம்பம் அதிரும்.

உளிகள் மென்மையான காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 1898 இலிருந்து 1900 வரை அமெரிக்காவில் பெத்லகேம் உருக்காலையில் பிரெடரிக் ரெய்லரும் மௌன்செல் வைற்றும் அதிவேக உருக்கைக் கண்டார்கள். நுனி சிவக்கச் சூடேறியும் அந்த உளி வெட்டிக்கொண்டிருந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். உளி தாங்கியது, பழைய லேத்துகள்தான் தாங்கவில்லை. படுக்கையும் பெல்ற்றும் ரூல் போஸ்றும் எல்லாமே கனமாகவேண்டி வந்தது. தொழிலாளியின் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்று ஒவ்வொரு அசைவையும் அளக்கவைத்தவரும் இதே ரெய்லர்தான். வெட்டும் நேரம் குறைந்ததும், உளியை மாற்றும் நேரம் முதலாளியின் கண்ணில் பட்டது.

அந்தக் கண்ணுக்குக் கிடைத்த பதில்தான் அப்பாவினுடையது போன்ற நான்கு பக்க ரூல் போஸ்ற். நான்கு உளிகளை முன்கூட்டியே பூட்டிவிட்டுக் கைபிடியைத் தளர்த்தித் திருப்பினால் அடுத்த உளி வரும். ஒவ்வொரு உளிக்கும் கீழே தகடு வைத்து, அதன் நுனியைச் சுற்றும் இரும்பின் மையத்துக்குச் சரியாகக் கொண்டுவரவேண்டும். அப்பா ஒரு பால்மா ரின்னை வெட்டி, பல தடிப்பில் தகடுகள் வைத்திருந்தார். உளி மையத்துக்கு மேலே நின்றால் வெட்டாமல் உரசும். கீழே நின்றால் வெட்டு கெடும், முகப்பைக் கடையும்போது நடுவில் ஒரு முளை மிஞ்சும். பிறகு வந்தவை விரைவாக மாற்றும் வகைகள்: இங்கிலாந்தில் டிக்சன், அமெரிக்காவில் அலோறிஸ், சுவிசில் திரிப்பான், மல்ரிபிக்ஸ். ஒவ்வொரு உளிக்கும் தனிப் பிடி, பிடியில் உயரத்தைத் திருத்த ஒரு திருகாணி. தகடு தேவையில்லை. மல்ரிபிக்ஸை நாற்பது நிலைகளில் திருப்பி வைக்கலாம். நல்ல வேலைப்பாடு, மறுப்பதற்கில்லை. விலையும் அப்படித்தான்.

கிழவருடைய லேத் மைபோர்ட் எம்.எல். 7. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946 இல், வீட்டுப் பட்டறைகளுக்கென்று நொட்டிங்ஹாம் பக்கத்துப் பீஸ்ரனில் வந்தது. அந்தத் தொழிற்சாலை 2011 இல் மூடப்பட்டுவிட்டது. இந்த நாட்டில் வீட்டில் லேத் வைத்திருப்பது ஒரு பழைய மரபு. அதற்கென்றே 1898 இல் பேர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ என்ற சஞ்சிகை உண்டு. கிழவரும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். பகல் முழுவதும் அங்கே லேத், இரவு வீட்டில் வந்தும் லேத். ஏன் என்று கேட்டேன். அங்கே நேரம் அவங்களுடையது என்றார்.

அதனால்தான் விரைவாக மாற்றும் வகையை வாங்கவேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன். அது மிச்சப்படுத்தும் நிமிடங்களை இந்தக் கொட்டிலில் எவரும் எண்ணுவதில்லை. வாங்குவதென்றால் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு வாங்கவேண்டும்: சறுக்குத் தாங்கியின் மேல்தளத்திலிருந்து லேத்தின் மையம் வரை எவ்வளவு உயரம் என்று. ரூல் போஸ்றின் அடித்தடிப்பும் உளியின் தடிப்பும் சேர்ந்து அதைத் தாண்டினால் அந்த ரூல் போஸ்ற் எவ்வளவு நல்லதென்றாலும் உதவாது. அப்பாவினுடையதை ஊரிலிருந்து எடுப்பிக்கலாமா என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. தொலைபேசியில் அம்மாவிடம் அளக்கச் சொன்னேன். பெரிய லேத்தினுடையது, உயரம் கூடிப்போய்விட்டது. “இஞ்ச எனக்கு அரிசிப் பெட்டிக்கு வேணும்” என்றா அம்மா.

ஆகவே செய்கிறோம். நோர்மன் வகை. முன்பு கில்ட்போர்ட் பக்கம் ட்ரமண்ட் கொம்பனியின் சின்ன லேத்துகளில் இருந்தது. ஒரு உருளைத் தூண், அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு இரும்புக் கட்டி, கட்டியில் உளிக்கு ஒரு வெட்டு. கட்டியின் ஒரு பக்கத்தைப் பிளந்து ஒரு போல்ற் போட்டு இறுக்கினால் அது தூணைக் கவ்விக்கொள்ளும். உயரத்தை எங்கு வேண்டுமோ அங்கு நிறுத்தலாம், தகடு வேண்டாம். நான்கு தாடைச் சக்கில் இரும்புக் கட்டியைப் பிடித்து, உள்ளே துளையைக் கடைந்தோம். துளைக்குப் பிறகுதான் பிளவு. முதலில் பிளந்தால் இரும்பு விரிந்து துளை வட்டமாக வராது. துளையை முடித்துவிட்டு, அதற்குப் பொருந்தத் தூணைக் கடைந்தோம். வெளிப்பக்கத்தை அளந்து கடைவது எளிது. உளிக்கான வெட்டுக்கு, கட்டியைச் சறுக்குத் தாங்கியில் பூட்டி, வெட்டியைச் சக்கில் சுற்றவிட்டோம். இவ்வளவுக்கும் உளியைப் பிடித்தது கிழவருடைய பழைய, ஆணிப் புரி தேய்ந்த ரூல் போஸ்ற்தான்.

கைபிடியை என்னைத் திருப்பச் சொல்லிவிட்டுக் கிழவர் ஸ்ரூலில் இருந்து பார்ப்பார். கடைசி வெட்டுக்கு உளியை ஒரு நூல் அளவு உள்ளே கொடுத்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை, அதற்காகத்தானே இது என்றார் அவர்.

பிளவு இன்னும் போடவில்லை. வாள் அலகு தேய்ந்துபோய்விட்டது. திங்கட்கிழமை எனக்கு லீவு, அன்றைக்குப் புது அலகு ஒன்று வாங்கிக்கொண்டு போகவேண்டும்.